ஒரே ஏரி, இரண்டு கட்சி, ஒரு டூவீலர் ஸ்டாண்டு

1. நீலமும் மஞ்சளும்

ஆகஸ்ட் பதினான்காம் தேதி காலை எட்டு மணி. 'ஏ' ஷிப்ட் உள்ளே போயாகிவிட்டது. அப்பாடா என்று டீ கப்பைக் கையில் எடுக்கிறேன், போன் அடிக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் ஆரோக்கியதாஸ்.

"மேடம், உங்களுக்கு இன்னா தைரியம்? ஏரிக்கரை மேல எதிர்க்கட்சிக் கொடிய நட்டு வெச்சிருக்கீங்க?"

"கொடியா? நாங்க எந்தக் கொடியும் நடலையே தலைவரே."

"வந்து பாருங்க. கரை முழுக்க நீலமும் மஞ்சளுமா கீது. வாக்கிங் போனவன்லாம் போட்டோ புடிச்சி எனக்கே அனுப்பிகினு இருக்கான். நாளைக்கு கிராம சபை. நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு உங்க தீர்மானத்த படிக்கிறது?"

போனை வைத்த மறு நிமிஷம் இன்னொரு அழைப்பு. எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் கோதண்டம். இவர் குரலில் தேன் வழிந்தது.

"எம்மா கலைச்செல்வி, கரைய பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சி. கம்பெனியே நம்ம பக்கம் வந்துடும்னு நான் கனவுல கூட நெனைக்கல. ரொம்ப டாங்க்ஸ்மா."

எனக்குத் தலை சுற்றியது. திட்டு வாங்குவது பழக்கம்தான். செய்யாத உதவிக்கு நன்றி வாங்குவது அதைவிட ஆபத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றவள். கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டில் கெமிஸ்டாகச் சேர்ந்து, ஈ.ஹெச்.எஸ். மேனேஜராக வெளியே வந்தேன். சுற்றுச்சூழல், ஆரோக்கியம், பாதுகாப்பு மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆள் என்று அதற்கு அர்த்தம். எது கெட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள், எது நன்றாக நடந்தாலும் வேறு யாரையாவது கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள்.

எங்கள் பிளான்ட்டுக்குப் பின்னால், மண்ணூர் போகிற பக்கம், ஒரு சின்னக் கிராமமும் அதற்கு ஒரு ஏரியும் உண்டு. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலங்கல் என்கிற கல்கட்டு மேல் வழிந்து, கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். அந்த வழிதலைத்தான் எங்கள் பக்கத்தில் 'ஏரி கோடி போகுது' என்பார்கள். கோடி போனால் ஊரே கலங்கலில் கூடி மாலை போட்டுக் கற்பூரம் ஏற்றும். ஆனால் அந்த ஊரில் பல வருஷமாகக் கோடியே போகவில்லை. கால்வாய் அடைத்துக்கொண்டது. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குள் ஏறும். பயந்துபோய் யாராவது ஏரியின் மறு பக்கக் கரையை வெட்டி விடுவார்கள். வீடு தப்பும், ஏரி காலியாகும். பங்குனியில் போர்வெல்லில் காற்றுதான் வரும்.

"தண்ணி நிக்காத ஏரி எதுக்கு, கன்டெய்னர் லாரி நிறுத்த யார்டு ஆக்கிடலாம்" என்று ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. இந்த ஒரு மழைக்குள் கால்வாயைத் திறந்து ஏரியைக் கோடி போக வைத்தால் அந்தப் பேச்சு அடங்கும். இன்னொரு முறை கரையை வெட்டினால் ஏரி அவ்வளவுதான். கால்வாயைத் திறக்கக் கிராம சபைத் தீர்மானம் வேண்டும், கம்பெனி செலவில் ஜேசிபி வரும். இதுதான் என் திட்டம். ஓய்வு பெறுவதற்குள் ஒன்றாவது உருப்படியாகச் செய்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் துடிப்பில்தான் பெயிண்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை நாற்பது ஊழியர்களைக் கூட்டிப்போய்க் கரைக் கற்களுக்கு வண்ணம் அடித்தோம். ஸ்டோரில் மிச்சமிருந்தது மெஷினுக்கு அடிக்கிற நீலமும், நடைபாதைக் கோடு போடுகிற மஞ்சளும். ஒரு கல் நீலம், ஒரு கல் மஞ்சள். பார்க்க அவ்வளவு அழகு! அது கோதண்டத்தின் கட்சிக் கொடி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பதினெட்டு வருஷம் கம்பெனி பஸ்ஸில் அந்த ஊர் வழியாகப் போய் வந்தவள், முச்சந்தியில் இருந்த கொடிக்கம்பத்தை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கெமிஸ்ட் புத்தி, தரையைப் பார்த்தே நடந்திருக்கிறேன்.

மறுநாள் கிராம சபையில் தீர்மானம் வரும் முன்பே தாஸ் ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆள் எண்ணிக்கை போதவில்லை என்று சபை கலைந்தது. கோதண்டம் ஆட்கள் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மறு ஞாயிறு அதே நாற்பது பேருடன் போய் எல்லாக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்தேன். கோதண்டம் வண்டியை நிறுத்திவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வெறும் வெள்ளையா கீதேம்மா. நடுவுல காவிப்பட்டை போட்டா கோயில் மதில் மாரி லட்சணமா இருக்கும்."

"அண்ணே, நீங்க தயவுசெஞ்சி வூட்டுக்குப் போங்க" என்றேன்.

2. மூன்று ஆணிகள்

இந்த இரண்டு பேரும் ஒரே மேடையில் ஏறியதில்லை. ஒருவர் வைத்த குடிநீர்த் தொட்டியில் இன்னொருவர் வீட்டுக் குடம் நிரம்பாது. ஆனால் தனித்தனியாக உட்கார்ந்து பேசினால் இருவருக்குமே ஏரி மேல் உயிர்.

கோதண்டத்துக்குச் 'சுற்றுச்சூழல்' என்ற வார்த்தையே ஆகாது. "அந்த வார்த்தைய சொல்லிகினு வர்றவன்லாம் தடை ஆர்டர்தான் வாங்கினு வருவான்" என்பார். அவருக்கு ஏரி என்றால் தாத்தா வைத்துவிட்டுப் போன சொத்து. வாங்கினதைக் குறையாமல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக எந்தச் சட்டமும் வேண்டாம், முன்னே இருந்த மாதிரி இருந்தால் போதும். தாஸுக்குத் தாத்தா கதை எதுவும் வேண்டாம். அவர் தாத்தாவுக்கு அந்த ஏரிப் பாசனத்தில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவருக்கு வேண்டியது போர்வெல்லில் தண்ணீர், ஏழை எளியவர்களின் வீட்டுக்குள் வராத தண்ணீர். "தண்ணி மக்களோட உரிமை மேடம். அரசாங்கம்தான் காபந்து பண்ணணும்" என்பார்.

நானோ இருவரையும் ஒரே கருத்துக்குக் கொண்டு வரப் படாத பாடு பட்டேன். ஸ்லைடு போட்டேன், பல்லுயிர்ப் பெருக்கம் என்றேன், கார்பன் என்றேன். கோதண்டம் கொட்டாவி விட்டார். தாஸ் போனைப் பார்த்தார்.

சரி, பேச்சு வேண்டாம், கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது என்று அளந்துவிடலாம் என்று சர்வேயரை வரவழைத்தேன். செப்டம்பர் முதல் வாரம், நல்ல வெயில். இருவரையும் வரச் சொன்னேன். ஒருவர் வருகிறார் என்று தெரிந்ததால் மற்றவரும் வந்தார்.

சர்வேயர் நில எல்லைகள் குறித்த புலப்படத்தை விரித்துக் கலங்கலிலிருந்து அளந்து, கால்வாய் இருந்த இடத்தில் அடையாளத்துக்கு ஆணி அடித்துக்கொண்டே நடந்தார். முதல் ஆணி கோதண்டம் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளின் மதில் சுவருக்கு உள்பக்கம் இறங்கியது. கால்வாயில் பாதி அவர் மதிலுக்குள் இருந்தது.

தாஸ் சிரிப்பை அடக்கவே இல்லை. "தாத்தா சொத்துன்னீங்களே, கால்வாயும் சேத்தா?"

"வாய மூடு. இன்னும் அளக்கல" என்றார் கோதண்டம்.

இரண்டாவது ஆணி ஒரு மெக்கானிக் ஷெட்டின் நடுவில். ஷெட் தாஸின் மச்சானுடையது. இப்போது கோதண்டத்தின் முறை. "மக்கள் உரிமை, மச்சான் உரிமையா ஆயிடுச்சா தாசு?"

நான் இருவருக்கும் நடுவில் நடுவர் மாதிரி நின்றுகொண்டு, "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு, ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்கணும்" என்று உபதேசம் செய்தேன். வாய் நிறைய உபதேசம். சர்வேயர் டேப்பை இழுத்துக்கொண்டு மேற்கொண்டு நடந்தார். அடுத்து இருந்தது எங்கள் கம்பெனி.

மூன்றாவது ஆணி எங்கள் டூவீலர் ஸ்டாண்டின் நடுவில் இறங்கியது.

பத்து வருஷத்துக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் போதாமல் மதிலுக்கு வெளியே அந்த ஸ்டாண்டைக் கட்டினோம். அப்போது ஒரு சித்திரை மாதம் நான்தான் போய் இடத்தைப் பார்த்தேன். காய்ந்து கிடந்த ஒரு பள்ளம், முள்செடி. மழைத் தண்ணீருக்கு ஒரு சிமென்ட் பைப் போட்டால் போதும் என்று எழுதி, டிராயிங்கில் கையெழுத்துப் போட்டேன். மழையில் ஒரு தரம் வந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஊர் ஏரியின் மொத்த உபரித் தண்ணீரையும் ஒரு ஆள்கூட நுழைய முடியாத பைப்புக்குள் திணித்தவள் நான்தான்.

அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"மேடம், இது யார் வூட்டு ஸ்டாண்டு?" என்றார் தாஸ்.

கோதண்டம் அவருக்குப் பதில் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர்கள் சண்டையில்லாமல் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்: "இவங்கதான்பா நமக்கு கிளாஸ் எடுத்துகினு இருந்தாங்க."

3. எனக்கு எதிராக ஒரு மனு

மூன்றாம் நாள் கேட்டில் ஒரு மனு வந்தது. கம்பெனி முதலில் தன் ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும், எடுத்தால் மறுநாளே நாங்களும் எடுப்போம், இல்லாவிட்டால் கிராம சபையில் எந்தத் தீர்மானமும் கிடையாது. கீழே இரண்டு கையெழுத்து. மு. கோதண்டம். ஞா. ஆரோக்கியதாஸ். பக்கத்துப் பக்கத்தில்.

எனக்கு எதிராக வந்த ஒரு மனுவைப் பார்த்து நான் துள்ளிக் குதித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஸ்லைடு செய்யாததை, கார்பன் செய்யாததை, எங்கள் டூவீலர் ஸ்டாண்டு செய்துவிட்டது! இருவரும் சேர்ந்துவிட்டார்கள். என்ன, என்னை எதிர்க்கச் சேர்ந்திருந்தார்கள்.

துள்ளல் அடங்கியதும்தான் அடுத்தது நினைவுக்கு வந்தது. அந்த மனுவை பிளான்ட் ஹெட் ராகவன் சாரிடம் கொண்டுபோக வேண்டும். சார் பழைய காலத்து ஆள். யாரும் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் தானே போய் நிறுத்துவார். மரம் நடுவிழா, பேனர், போட்டோ எதற்கும் வரமாட்டார். "நட்ட மரத்துக்கு யார் தண்ணி ஊத்தறாங்கன்னு சொல்லு, அங்க வரேன்" என்பார். அவரிடம் போய், இருக்கிற வண்டிக்கெல்லாம் இடமில்லாமல் போனாலும் பரவாயில்லை, ஸ்டாண்டை இடியுங்கள் என்று எப்படிச் சொல்வது? அதுவும் அந்த டிராயிங்கில் என் கையெழுத்து இருக்கும்போது?

டிராயிங்கை எடுக்காமலே போயிருக்கலாம். அவர் கேட்டிருக்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால், ரெக்கார்டு ரூம் வாசலில் ஐந்து நிமிஷம் நின்றேன். பிறகு எடுத்துக்கொண்டு போய் மனுவோடு சேர்த்து அவர் மேஜையில் வைத்தேன்.

சார் இரண்டையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் கையெழுத்து உன்னோடதா?"

"ஆமா சார். நான் பாக்கத் தவறிட்டேன்."

"ஏம்மா, ஊர்க்காரங்க எடுக்கணும், நாம வேடிக்கை பாக்கணும்னு திட்டம் போட்டியா?"

"இல்ல சார். நம்மளோடது இருக்குன்னே எனக்குத் தெரியாது."

அவர் டிராயிங்கை மடித்து என் பக்கம் தள்ளினார். "கெட்டதை யார் பண்ணாங்களோ அவங்கதான் சரி பண்ணணும். இதுக்கு சட்டமெல்லாம் தேவையில்ல. அடுத்த வாரம் ஸ்டாண்டை எடு. வண்டிங்கள கேன்டீன் பின்னால நிறுத்தட்டும், கொஞ்சம் நடக்கட்டும்." நான் நன்றி சொல்ல வாய் திறந்தேன். "இரு. உனக்கு ஒரு மெமோ உண்டு. ரெண்டும் தனித்தனி விஷயம்."

மெமோ வந்தது. என் சர்வீஸில் அது ஒன்றுதான். நான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதே சாயங்காலம் ஜேசிபிக்குப் போன் போட்டபோது என் கை பரபரத்ததும் நிஜம்.

4. தீர்மானத்தில் இரண்டு காரணம்

எங்கள் ஸ்டாண்டை இடித்த அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. தாஸும் கோதண்டமும் வந்தார்கள். கம்பெனி இடிக்காது என்று இருவருமே நம்பியிருந்தார்கள் போல. ஜேசிபி முதல் தகரத்தைப் பிய்த்ததும் இருவர் முகத்திலும் ஒரு கலவரம் ஓடியது. இப்போது அவர்களும் செய்தாக வேண்டுமே! மறுநாள் விடிந்ததும் கோதண்டம் மதிலை உடைக்கிறார் என்று செய்தி வந்தது. பத்து மணிக்குள் தாஸின் மச்சான் ஷெட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசி ஆள் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம். எனக்கு வந்த சந்தோஷத்தில் சாப்பிடக்கூட மறந்துபோனேன்.

ஆனால் கால்வாயைத் தூர் வாரித் திரும்ப அடைக்காமல் வைக்கத் தீர்மானம் வேண்டும். அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை. பந்தல் நிறைந்திருந்தது. வானம் மூடிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்துச் செயலர் தீர்மானத்தைப் படித்தார். தாஸ் எழுதிக் கொடுத்தது: நிலத்தடி நீர் மக்களின் உரிமை என்பதால் ஏரியையும் கால்வாயையும் பாதுகாப்பது.

கோதண்டம் எழுந்துவிட்டார். "உரிமைன்னு போட்டா நாளைக்கு ஏரியில மண் அள்றவனும் உரிமைன்னு வருவான். முன்னோர் வெச்சிட்டுப் போன சொத்து, அத அப்படியே புள்ளைங்களுக்கு கொடுக்கணும்னு எழுது."

"முன்னோர்னா யார் முன்னோரு? எங்க முன்னோர கரை மேல நடக்கவே வுடலியே" என்றார் தாஸ்.

அது வெறும் கட்சிச் சண்டை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் கிளம்பினால் பாதிப் பந்தல் அவர் பின்னால் போய்விடும், ஆகஸ்ட் பதினைந்து மறுபடி நடக்கும். மழை தொடங்க இன்னும் இரண்டு வாரம்தான்.

எனக்கு அந்த ஊரில் ஓட்டு கிடையாது. பேச அனுமதி கேட்டுக்கொண்டு எழுந்தேன். ஒரே காரணத்துக்குக் கொண்டுவர நான் பட்டதெல்லாம் வீண் என்று அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"அண்ணே, தலைவரே, ரெண்டு பேர் சொல்றதும் இருக்கட்டும். ரெண்டையும் எழுதுங்க. காரணம் ரெண்டா இருந்தா இன்னா? தோண்டப் போறது ஒரே கால்வாய்தானே?"

செயலர் பேனாவைப் பிடித்தபடி இருவரையும் பார்த்தார். தாஸ் யோசித்தார். "இவர் காரணத்துக்கு நான் கையெழுத்து போட்ட மாரி ஆயிடாதே?"

"ஆகாது. வேலைக்குத்தான் கையெழுத்து."

கோதண்டம் நின்றபடியே, "எதை மொதல்ல எழுதுவ?" என்றார்.

கடவுளே! பந்தல் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பில் கோதண்டமும் சிரித்துவிட்டார். பிறகு தாஸ் பக்கம் பார்க்காமலே, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "தாசு சொன்னதையே மொதல்ல எழுது. அவங்களுக்கு ரொம்ப நாள் பாக்கி அது."

தாஸ் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கோதண்டத்திடம் நீட்டினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

5. கோடி

தூர் வாரி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. ஐப்பசி முழுக்க ஊற்றியது. தினமும் வேலைக்கு வருகிற வழியில் கரையில் இறங்கிக் கலங்கலுக்கு இன்னும் எத்தனை முழம் என்று பார்ப்பேன். கார்த்திகை பிறந்து சில நாள் கழித்து, புரொடக்‌ஷன் மீட்டிங்கில் இருக்கும்போது போன் துடித்தது.

"எம்மா, கோடி போவுது! ஓடியா!" கோதண்டம். வைத்தேன். உடனே தாஸ். "மேடம், கோடி போயிடுச்சி! சீக்கிரம்!"

மீட்டிங் என்பதை மறந்து எழுந்து நின்று, "ஏரி கோடி போகுது!" என்று கத்தினேன். ராகவன் சார் ஃபைலை மூடினார். "போய் வா. நானும் வரேன்."

கலங்கல் மேல் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. கோதண்டம் மாலையைக் கலங்கல் கல்லில் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். பக்கத்தில் தாஸ் சிலுவைக் குறி போட்டுக் கண்ணை மூடி நின்றார். பெண்கள் குலவை இட்டார்கள். என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, வெட்கத்தை விட்டு அழுதேன்.

நான் தண்ணீரோடு கூடவே கால்வாய் ஓரம் நடந்தேன். மதில் இருந்த இடத்தைத் தாண்டியது, ஷெட் இருந்த இடத்தைத் தாண்டியது, எங்கள் ஸ்டாண்டு இருந்த இடத்தையும் தாண்டியது. திரும்பி வரும்போது லைன் வீட்டு வாசலில் எங்கள் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"மேடம், எல்லா வருசமும் இந்நேரம் சாமானெல்லாம் கட்டில் மேல ஏத்தி வச்சிருப்போம். இந்த வருசம் வாசல்ல கோலம் கூட அழியல பாத்துக்கோங்க" என்றாள்.

கரை டீக்கடையில் கோதண்டம் தன் ஆட்களிடம், "நம்ம முன்னோர் புண்ணியம், நம்ம கட்சி உழைப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ப் பெஞ்சில் தாஸ் தன் ஆட்களிடம், "மக்கள் போராட்டம், நம்ம ஆட்சி" என்றார். இருவர் கதையிலும் நான் இல்லை, கம்பெனி இல்லை. எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை. அடுத்த வருஷம் யாராவது கால்வாயில் ஒரு செங்கல் வைத்தால், இரண்டு கட்சிக்காரனும் தன் பெயரைக் காப்பாற்றவே ஓடி வருவான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு, எதிரெதிர்க் கட்சிகளை ஏரிக்காக எப்படிச் சேர்ப்பது என்று. நான் சொல்வது இதுதான்: கட்சிக்காரர்களின் மனதை ஒன்றாக்கப் போகாதீர்கள், அது நம்மால் ஆகாது. அவரவர் காரணத்தோடு அவரவர் வரட்டும், வேலை ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் அவர்களிடம் போவதற்கு முன்னால், ஒரு நல்ல மழை நாளில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கால்வாய் முழுக்க ஒரு தடவை நடந்து பாருங்கள். தண்ணீர் உங்கள் சுவரில் வந்து முட்டி நின்றால், முதல் கடப்பாரையை அங்கே போடுங்கள்.